எழுதுபொருட் கடையும் கல்வியும்

பிரயாணம் செய்வோர் ஓர் ஊரை அடைந்தவுடன் அங்குள்ள கோயில், கோட்டை, அருவி, அணைக்கட்டு முதலியவற்றைப் பார்க்க விரும்புதல் இயல்பு. அவ்வூர்ப் பள்ளிக்கூடத்தின் அருகே காகிதமும் பேனாவும் விற்கும் சிறு கடையை நாடிச் செல்வோர் மிகச் சிலரே. ஆயினும், ஓர் ஊரிற் கல்வி எந்த நிலையில் நிற்கிறது என்பதை அறிய விரும்புவார்க்கு அக்கடையினும் நல்ல சாட்சி கிடைப்பது அரிது. பிள்ளைகள் எதைக் கொண்டு எழுதுகிறார்கள், எதைக் கொண்டு வரைகிறார்கள், எவற்றைக் கண்ணாலும் கண்டதில்லை என்பதை அதன் அலமாரி ஒளியாமற் சொல்லிவிடும். அவ்வலமாரி எவ்வாறு நிறைகிறது, எதனாற் குறைகிறது, அதில் மாணவராகிய நமக்கு என்ன பங்குண்டு என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

பேரிகை என்பது முரசினைக் குறிக்கும் சொல். அப்பெயர் தாங்கிய ஊர், 2004-ஆம் ஆண்டில் தருமபுரியினின்று பிரிக்கப்பட்ட கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கர்நாடக எல்லையை அடுத்து இருக்கிறது. ஓசூரிலிருந்து பாகலூர் வழியாக இதனை அடையலாம். எல்லையைக் கடந்து சென்றால் மாலூர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் ஒலிக்கும் நாடு இது. ஒருபுறம் வயல்களும் தோட்டங்களும். மறுபுறம் கைக்கடிகாரமும் இருசக்கர வண்டியும் லாரியும் செய்யும் ஓசூர்த் தொழிற்சாலைகள். அத்தொழிற்சாலைகளில் உருவாகும் எப்பொருளும் உலோகத்தில் வடிவு பெறுமுன் வரைபடத்தில் வடிவு பெறுகிறது. இக்காலத்தில் அவ்வரைபடம் கணினியில் இயற்றப்படுவதாயினும், கண்டதைக் கையால் வரைந்து பழகியவனுக்கே அக்கல்வி எளிதாகும். ஆகவே, இந்நாட்டுப் பிள்ளைகளுக்கு நல்ல பென்சிலும் தக்க தாளும் கிடைப்பது வெறும் விளையாட்டுக் காரியமன்று. பிற்காலப் பிழைப்பையும் தொடுவதாகும்.

ஒரு விடுமுறைக் காலத்தில் யாம் நண்பர் ஒருவருடன் இப்பகுதியிற் பிரயாணம் செய்தபோது, பேரிகையில் ஓர் எழுதுபொருட் கடையினுட் சென்றோம். கடையின் ஒரு பாதியை ஜெராக்ஸ் இயந்திரம் அடைத்துக்கொண்டிருந்தது. மற்றப் பாதியில், கோடிட்ட நோட்டுகள், ஆங்கிலம் எழுதிப் பழகுவதற்கான நான்கு கோட்டு நோட்டுகள், பந்துமுனைப் பேனாக்கள், ஜியாமெட்ரி பெட்டிகள், மெழுகு வண்ணக் குச்சிகள், ஸ்கெட்ச் பேனாக்கள், பல நிறச் சார்ட் தாள்கள் ஆகியவை தூசி தட்டி ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. நீர்வண்ணம் தீட்டத்தக்க தடித்த தாளும், 2பி பென்சிலும், நுனி கூடிய தூரிகை ஒன்றும் வேண்டுமென்றோம். மூன்றும் இல்லை.

அவ்வமயம் பள்ளிச் சிறுமி ஒருத்தி வந்து, மலைப்படத்துக்குப் பூச மண்ணிற வண்ணப் பென்சில் ஒன்று மட்டும் கேட்டாள். பெட்டியாக விற்பதேயன்றித் தனியே விற்பதில்லை என்று கடைக்காரர் இரக்கத்தோடு கூறினார். அவள் கையிலிருந்த காசுக்குக் கறுப்புப் பென்சில் ஒன்றை வாங்கிக்கொண்டு போனாள். அவள் நோட்டில் அம்மலை கறுப்பாகவே எழுந்திருக்கும்.

கடைக்காரரைக் குறை கூறுவதற்கில்லை. முதியவராகிய அவர் எம்மிடம், “கேட்கிறவர் இருந்தால் வாங்கி வைக்கமாட்டேனா, சார்? ஒரு பிரஷ் விற்க வேண்டுமென்றால் நான் ஒரு டஜன் வாங்க வேண்டும். ஒன்று போகும், மீதி பதினொன்றையும் பூச்சி தின்னும்” என்றார். இச்சில சொற்களில் இவ்வியாபாரத்தின் இலக்கணம் முழுதும் அடங்கியிருக்கிறது. மொத்த வியாபாரி டஜன் கணக்கிலே கொடுப்பான். சில்லறை வியாபாரி ஒவ்வொன்றாகவே விற்பான். இடையில் நிற்கும் முதல் எத்தனை மாதம் முடங்கிக் கிடக்கும் என்பதே அவன் கவலை. மை உலரும், தாள் மஞ்சளிக்கும், தூரிகையின் மயிரைப் பூச்சி அரிக்கும். ஆதலால் நாள்தோறும் விலைபோவதையே அவன் வைப்பான். அரசாங்கப் பள்ளிகளில் நோட்டுகளும், தொடக்க வகுப்பினர்க்கு வண்ணக் குச்சிகளும் வண்ணப் பென்சில்களும் விலையின்றி வழங்கப்படுகின்றன. அது போற்றத்தக்கதே. ஆனால் அதற்கு மேற்பட்டு ஒரு பிள்ளை விரும்புமாயின், அவ்விருப்பத்துக்கு இச்சிறு கடையே வாயில்.

பொருள் இல்லாமை அறிவு முயற்சியை உண்மையிலே தடுக்குமோ என்று சிலர் ஐயுறலாம். சரித்திரம் இதற்கு விடை கூறும். 1712-இல் தரங்கம்பாடிக்கு அச்சியந்திரம் வந்தது. ஜெர்மனி தேசத்து ஹாலே நகரில் வார்த்து அனுப்பப்பட்ட தமிழ் எழுத்துக்கள் அளவிற் பெரியனவாயிருந்தன. காகிதமோ ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வரவேண்டியது. பெரிய எழுத்துக்களால் அச்சிட்டால் உள்ள காகிதம் போதாதெனக் கண்ட சீகன்பால்கும் அவருடன் உழைத்தோரும், சிறிய எழுத்துக்களை இங்கேயே வார்த்தனர். அவ்வாறே தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சேறி முடிந்தது. பின்னர்க் காகிதத்தின் பொருட்டே பொறையாற்றில் ஓர் ஆலையும் எழுந்தது. அறிவும் ஊக்கமும் நிறைந்த அப்பெரியோர்க்கும் காகிதத் தட்டுப்பாடு எழுத்தின் அளவையே மாற்றும் வலிமை உடையதாயிற்று. அங்ஙனமாயின், பத்து வயதுச் சிறுமியின் மலையை அது கறுப்பாக்கியதில் வியப்பென்ன?

இனி, இக்குறை நீங்கும் வழியையும் சரித்திரமே காட்டுகிறது. சுதேசியக்கம் ஓங்கியிருந்த காலத்தில், அந்நியப் பேனாவுக்கு ஈடாக நம் நாட்டிற் செய்த பேனா வேண்டுமென்று கேட்போர் பெருகினர். கோதாவரிக் கரையிலுள்ள ராஜமகேந்திரபுரத்தில், ரத்தினம் என்னும் கைவினைஞர் 1932-இல் பேனா செய்யும் தொழிலைத் தொடங்கினார். அவர் செய்த பேனா ஒன்று குமரப்பாவின் மூலமாகக் காந்தியடிகளை அடைந்தது. அடிகள் அதனை ஏற்று 1935-இல் ரத்தினத்துக்கு நன்றிக் கடிதம் எழுதினார். 1892-இல் தஞ்சாவூரிற் பிறந்த இக்குமரப்பாவே, 1934-இல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தை நடத்தியவர். கையால் காகிதம் செய்யும் தொழிலை அச்சங்கம் புதுப்பித்து வளர்த்தது. இதே காலத்தில், 1931-இல், பம்பாயில் தாண்டேகர் சகோதரர் மைத்தூள் செய்து விற்கத் தொடங்கினர். இன்று நாடெங்கும் பள்ளிப் பிள்ளைகள் கையில் விளங்கும் காம்லின் வண்ணப் பெட்டிகளுக்கு அதுவே தோற்றுவாய். கேட்போர் இருந்தமையால் செய்வோர் நிலைபெற்றனர். நாட்டுக்குப் பொருந்திய இவ்விதி ஊருக்கும் பொருந்தும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லப்பாடியில், பாறையின்மேல் வெள்ளை வண்ணத்தால் தீட்டிய மிகப் பழைய ஓவியங்கள் இருக்கின்றனவே. அவற்றைத் தீட்டியவர் எந்தக் கடையில் வண்ணம் வாங்கினர் என்று வினவுவாரும் உளர். நன்று. அவர்கள் கடையிற் பெறாவிடினும், தம் பொருளை நன்கு அறிந்திருந்தனர். எந்த மண் வெளுக்கும், எது பாறையைப் பற்றி நிற்கும் என்பதை ஆராய்ந்தே கையாண்டனர். நமக்கோ கடையும் இல்லை, பொருளறிவும் இல்லை என்ற நிலை வரலாகாது. இணையத்தின் வழியாக எதையும் வீட்டுக்கு வரவழைக்கலாமே எனின், பெயரும் தரமும் அறியாத பொருளை எவ்வாறு வரவழைப்பது? ஆகவே, கேட்பதற்கு முன் அறிதல் வேண்டும். கடையினுள் நின்றபடியே ஒரு மாணவன் செய்யத்தக்க சில சோதனைகளை இங்கே கூறுவோம்.

முதலாவது, காகிதம். ஒரு சதுர மீட்டர் தாளின் எடை இத்தனை கிராம் என்று கட்டின்மேல் எழுதியிருக்கும். ஜெராக்ஸ் எடுக்கும் தாள் பெரும்பாலும் 70 முதல் 80 கிராம். நீர்வண்ணத்துக்கு 300 கிராம் அளவுள்ள தாளே சுருங்காமல் நிற்கும். தாளின் மூலையில் மைப்பேனாவால் ஒரு கோடு இழுக்க. கோட்டின் விளிம்பு வேர்விட்டதுபோற் கசியுமாயின், தாளுக்குப் பசையூட்டல் போதாது என்று அறிக. நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் மடித்துப் பார்க்க. எவ்வாட்டில் மடிப்பு வெடிப்பின்றி எளிதில் அமைகிறதோ, அவ்வாட்டிலே நார் ஓடுகிறது. நோட்டுக் கட்டுவோர் அந்நாரைக் கட்டு முதுகுக்கு இணையாக வைப்பின் நோட்டு நன்றாகத் திறக்கும். கரூர் மாவட்டத்துக் காகிதபுரத்தில் 1984 முதல் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யப்படுகிறது. நாம் மென்று துப்பும் சக்கையே அறிவுக்கு இருப்பிடமாகிறது.

இரண்டாவது, பென்சில். இதன் உட்குச்சியை ஈயம் என்று சொல்வது வழக்கமாயினும், அதில் ஈயம் இல்லை. அது காரீயகம் எனப்படும் கிராபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்டது. இம்முறையை 1795-இல் பிரான்சு தேசத்துக் காந்தே என்பவர் கண்டார். களிமண் மிகுந்தால் குச்சி கடினமாகி வெளிறிய கோடு தரும். அவை எச் என்ற குறியுடையன. கிராபைட்டு மிகுந்தால் மென்மையாகிக் கருங்கோடு தரும்; அவை பி என்ற குறியுடையன. இயந்திர வரைபடத்துக்கு எச், எழுதுவதற்கு எச்.பி., நிழல் தீட்டுவதற்கு 2பி முதலியன என்று கொள்க. வாங்குமுன் அடிப்புறத்தைப் பார்க்க. குச்சி மரத்தின் நடுவே இராவிடில், சீவுந்தோறும் ஒடியும். நம் நாட்டுப் பென்சில்களுக்கான மரம் பெரும்பாலும் காஷ்மீரத்துப் புல்வாமாப் பகுதியில் விளையும் பாப்ளர் மரம். கிராபைட்டோ நம் சிவகங்கைச் சீமையிலும் வெட்டப்படுகிறது.

மூன்றாவது, மை. கடுக்காய் முதலிய துவர்ப்புப் பொருள்களின் சாற்றோடு அன்னபேதியைச் சேர்த்துச் செய்யும் மை, எழுதும்போது வெளிறியிருந்து, காற்றுப்பட்டுக் கறுத்து, தாளோடு ஒன்றிவிடும். ஆனால் அதன் புளிப்பு எஃகு முள்ளை அரிக்கும். இக்காலத்துப் பேனா மைகளிற் பல சாயங்களே. அவை முள்ளுக்கு நல்லன, நீருக்கும் வெயிலுக்கும் ஆற்றா. நெடுநாள் நிற்கவேண்டியதை எழுதுபவர், ஒரு வரி எழுதி, அதிற் பாதியை மூடி, சில நாள் வெயிலில் வைத்துப் பார்ப்பது நன்று. வண்ணங்களுக்கும் இதே சோதனை.

நான்காவது, தூரிகையும் நீர்வண்ணமும். தூரிகையை நீரில் தோய்த்து ஒருமுறை உதறுக. மயிர் தானே கூடி ஒரே நுனியாயின் கொள்க, இரு பிளவாயின் விடுக. நீர்வண்ணமாவது நிறப்பொடியோடு பிசினைக் கூட்டியது. மலிவானவற்றிற் சுண்ணப்பொடி மிகுதியாய்ச் சேர்ந்திருக்கும். பூசி உலர்ந்தபின் வெளுத்து மங்குவதால் அது விளங்கும்.

இவ்வளவும் அறிந்தவன் கடையில் நின்று பெயரும் அளவும் கூறிக் கேட்பான். அவ்வாறு மும்முறை கேட்கப்பட்ட பொருளை நான்காம் முறைக்கு வாங்கி வைக்கலாமா என்று வியாபாரி எண்ணுவான். ஆயினும் டஜன் என்ற தடை எஞ்சி நிற்கிறது. அதனையும் கடத்தல் கூடும். நம் கலாசாலையிற் பயின்று சிற்றூர்ப் பள்ளிகளில் ஆசிரியராய் அமர்ந்தோர் பலர். அயலயலே உள்ள நான்கு பள்ளிகளின் ஆசிரியர் நால்வர், தலைக்கு மூன்று தூரிகை வேண்டுமென்று ஒரே கடைக்காரரிடம் முன்னதாகச் சொல்லிவைப்பாராயின், டஜன் நிறைந்தது, முதல் முடங்கவில்லை, பூச்சிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. பெட்டியாக வரும் வண்ணப் பென்சில்களைப் பள்ளிக்குப் பொதுவாக வாங்கி, வேண்டிய பிள்ளைக்கு வேண்டிய நிறத்தை எடுத்துக் கொடுப்பதும் ஓர் ஆசிரியரால் ஆகக்கூடியதே.

மாணவ நேயர்களே! விடுமுறையில் நீங்கள் பல ஊர்களுக்கும் செல்வீர்கள். பெங்களூரிலும் சென்னையிலும் உள்ள பெருங்கடைகளை நாடுமுன், வழியிலுள்ள சிறு கடையினுட் சென்று, வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். இருப்பதிற் பொருந்துவதை அங்கேயே வாங்குங்கள். இல்லாததை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து வாருங்கள். ஐந்து நிமிஷத்தில் முடியும் காரியம் இது. அச்சீட்டைக் கண்டு வாங்கிவைத்த பொருள், நீங்கள் ஒருநாளும் காணப்போகாத ஒரு பிள்ளையின் கைக்குப் போய்ச் சேரும்.