புற்றுநோயும் தடுப்பூசியும்: ஊராட்சிகள் அறிந்திருக்க வேண்டியவை

முத்துக்குளித்தல் என்றவுடன் தூத்துக்குடியின் பெயர் நினைவுக்கு வருவது இயல்பு. மன்னார் வளைகுடாவின் அடியிலுள்ள பாறைத் திட்டுகளைக் கடற்கரை மக்கள் ‘பார்’ என்பர். முத்துச் சிப்பிகள் அந்தப் பார்களிலே ஒட்டி வளரும். 1961-ஆம் ஆண்டிற்குப் பிறகு நமது கடலில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. எனினும் அத்தொழில் நடந்த முறை நாம் நினைவிற்கொள்ளத் தக்கது. சிப்பிகளை மாதிரிக்கு எடுத்துச் சோதித்து, அவை முதிர்ந்துள்ளனவா என்று கண்ட பின்னரே குளிப்பு அறிவிக்கப்படும். முந்தினால் முத்து இராது. பிந்தினால் சிப்பிகள் மடிந்துவிடும். உரிய பருவத்தில் செய்வதே அத்தொழிலின் உயிர்நிலை. விதைப்பிற்கும் அறுவடைக்கும் பருவம் பார்க்கும் உழவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

நோய்த் தடுப்பிற்கும் இவ்வாறே பருவம் உண்டு. இதனை நமக்கு நன்கு உணர்த்தியது ஒரு கிராம சபைக் கூட்டம். கடற்கரையை அடுத்த சிற்றூர் ஒன்றில், சிறுமியருக்கான புற்றுநோய்த் தடுப்பூசியைப் பற்றிச் சுகாதாரச் செவிலியர் விளக்கிக்கொண்டிருந்தார். உப்பளத்தில் வேலை செய்யும் அம்மையார் ஒருவர் எழுந்து, “ஐயா, அந்த ஊசியை எனக்குப் போட்டால் என் நோய் போய்விடுமா?” என்று கேட்டார். கூட்டத்தில் பேச்சு நின்றது. பல மாதங்களாக அவருக்கு இரத்தப் போக்கு இருந்து வந்தது. கூச்சத்தினாலும், ஒருநாள் கூலி போய்விடுமே என்ற கவலையினாலும் எவரிடமும் அவர் சொல்லவில்லை. அவருடைய மகள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் சிறுமி. தாயின் அருகிலேயே அமர்ந்திருந்தாள். அந்தக் கேள்விக்குரிய விடையே இக்கட்டுரையாகும்.

நோய் வரும் வழி

புற்றுநோய் ஒரே நோயன்று; பல நோய்களுக்குப் பொதுவாக வழங்கும் பெயர். உடலின் ஓர் உறுப்பிலுள்ள உயிரணுக்கள் கட்டுப்பாட்டை இழந்து பெருகுவதே இதன் தன்மை. இது ஒருவரைத் தொடுவதால் மற்றவருக்கு ஒட்டுவதன்று. ஆனால் சில வகைப் புற்றுநோய்களுக்கு வித்திடுபவை தொற்றும் கிருமிகளே என்று அறிஞர்கள் கண்டனர். அவற்றுள் இரண்டு நமக்கு முக்கியமானவை. ஒன்று, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ்-பி வைரஸ். மற்றொன்று, பெண்களுக்குக் கருப்பை வாயில் புற்றுநோயை உண்டாக்கும் மனித பாப்பிலோமா வைரஸ். கிருமி புகுந்த நாளிலிருந்து புற்றுநோய் வெளிப்படும் நாள் வரை பெரும்பாலும் பத்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிகின்றன. அத்தனை காலமும் உடலில் வலியோ வேறு அடையாளமோ இராது.

கிருமி நோய்க்குக் காரணமென்றால், அக்கிருமியைத் தடுக்கும் ஊசி அந்நோயையும் தடுக்க வேண்டுமன்றோ? அவ்வாறே தடுக்கின்றது என்பது இன்று மெய்ப்பிக்கப்பட்ட உண்மை.

முதல் தடுப்பூசி: பிறந்த நாளிலேயே

அமெரிக்க அறிஞர் பாரூக் பிளம்பர்க் 1960-களில் ஹெபடைடிஸ்-பி வைரஸின் அடையாளத்தைக் கண்டறிந்தார். அதற்காக 1976-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பெற்றது. தாய்க்கு இக்கிருமி இருந்தால் பிரசவ வேளையில் குழந்தைக்குச் செல்லக்கூடும். பெரியவருக்கு இது தொற்றினால் நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் உடலே அதனை வென்றுவிடும். பிறந்த குழந்தைக்குத் தொற்றினாலோ, நூற்றுக்குச் சுமார் தொண்ணூறு குழந்தைகளின் உடலில் அது நிலைத்துத் தங்கிவிடும். பின்னாளில் கல்லீரல் சுருக்கமும் புற்றுநோயும் இவ்வாறு தங்கிய கிருமியால் வருபவையே. ஆகவேதான் குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் ஊசி போட வேண்டும் என்கின்றனர்.

தைவான் நாட்டில் 1984-இல் பிறந்த குழந்தைகளுக்கு இவ்வூசி போடும் திட்டம் தொடங்கியது. பின்னர் அங்கே சிறுவர்களிடையே கல்லீரல் புற்றுநோய் குறைந்துவிட்டதை 1997-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. தடுப்பூசியினால் ஒரு புற்றுநோயைத் தடுக்கலாம் என்பதற்கு இது தெளிவான சான்றாயிற்று. நம் நாட்டில் ஹெபடைடிஸ்-பி உள்ளிட்ட ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி, 2011 டிசம்பரில் முதன்முதலாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தொடங்கப்பட்டது. பிறந்தவுடன் ஒன்று, பிறகு ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் ஒவ்வொன்று என்பது இதன் முறை. செலவு ஏதுமில்லை, நாள் தவறாமையே வேண்டுவது.

இரண்டாவது தடுப்பூசி: பதின்பருவத் தொடக்கத்தில்

2022-ஆம் ஆண்டின் உலகளாவிய கணக்கீட்டின்படி, அவ்வாண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் புதிதாகக் கண்டது. ஏறத்தாழ 80,000 பெண்கள் அதனால் மாண்டனர். இவர்களிற் பலர் குடும்பத்தைத் தாங்கும் வயதினர். தாயை இழந்த வீட்டில் பிள்ளைகளின் படிப்பும் உணவும் எவ்வாறு தடுமாறும் என்பதைக் கிராமத்தில் வாழும் நாம் கண்கூடாக அறிவோம்.

ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசனின் குழுவினர் 1983-இலும் 1984-இலும் பாப்பிலோமா வைரஸின் 16, 18 ஆகிய வகைகளை இப்புற்றுநோயில் கண்டறிந்தனர். 2008-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்நோயில் நூற்றுக்கு எழுபது பங்கிற்குக் குறையாமல் இவ்விரு வகைகளே காரணமாகின்றன. இவற்றைத் தடுக்கும் ஊசி 2006 முதல் உலகில் வழங்கி வருகின்றது. புனே நகரின் சீரம் நிறுவனம் தயாரித்த ‘செர்வாவாக்’ என்னும் ஊசிக்கு 2022-இல் இந்திய அரசின் ஒப்புதல் கிடைத்தது.

இக்கிருமி உடலுறவின் வழியே பரவுவது. பெண்களில் பெரும்பாலோருக்கு வாழ்வில் ஒருமுறையேனும் தொற்றக்கூடிய பொதுவான கிருமி இது. எவருடைய ஒழுக்கத்திற்கும் இழுக்கன்று. கிருமி உடலை அணுகும் முன்பே ஊசி போட்டால்தான் முழுப் பயன் உண்டாகும் என்பதால், 9 முதல் 14 வயது வரை உரிய பருவம் என்கின்றனர். ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் ஊசி பெற்ற பெண்களிடையே இப்புற்றுநோய் ஒருவருக்கும் காணப்படவில்லை என்று 2024-இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. நம் நாட்டில் சிக்கிம் மாநிலம் 2018-இலேயே தன் சிறுமியருக்கு இவ்வூசியைப் போட்டு வழிகாட்டியது. தமிழ்நாடு அரசும் 14 வயதுச் சிறுமியர் அனைவருக்கும் படிப்படியாக இவ்வூசியை வழங்க, 2025-26 நிதிநிலை அறிக்கையில் 36 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது.

அம்பிளிக்கை கற்பித்த பாடம்

இத்துறையில் தமிழ்நாட்டுக் கிராமங்கள் உலகிற்கே பாடம் கற்பித்துள்ளன என்பதைப் பலர் அறியார். திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையைத் தளமாகக் கொண்டு, 2000-ஆம் ஆண்டு முதல் ஓர் ஆய்வு நடைபெற்றது. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களின் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவினர். ஐயத்திற்குரிய இடம் வெளுத்துக் காட்டும். பயிற்சி பெற்ற செவிலியரே இதனைச் செய்தனர். ஒரே ஒருமுறை செய்த இச்சோதனையினால், சோதனை நடந்த ஊர்களில் இந்நோயினால் நேரும் மரணம் நூற்றுக்கு 35 பங்கு குறைந்ததாக 2007-இல் முடிவு வெளிவந்தது.

2009-இல் பாப்பிலோமா தடுப்பூசியை எத்தனை முறை போட வேண்டும் என்று காண இந்தியாவின் ஒன்பது இடங்களில் ஆய்வு தொடங்கியது. அம்பிளிக்கை அவற்றுள் ஒன்று. அதே காலத்தில் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் வேறொரு திட்டத்தின்கீழ் ஊசி போடப்பட்டது. அதில் சில சிறுமியர் இறந்தனர் என்ற செய்தியால், 2010 ஏப்ரலில் அரசு இத்தகைய ஆய்வுகளில் ஊசி போடுவதை நிறுத்திற்று. விசாரணையில் அம்மரணங்களுக்கு ஊசி காரணமன்று என்று தெரிந்தது. ஆயினும், பெற்றோரின் ஒப்புதலைப் பெறாமல் விடுதிக் காப்பாளர்களே பல இடங்களில் கையொப்பமிட்ட குறை வெளிப்பட்டது. அது சிறு குறையன்று. அதனால் எழுந்த ஐயம் நீங்கப் பல ஆண்டுகள் சென்றன.

ஊசி இடையில் நின்றதால், அந்த ஆய்வில் சேர்ந்த ஏறத்தாழ 5,000 சிறுமியர் ஒரே ஊசியுடன் நின்றுவிட்டனர். ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடாமல் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். ஒரே ஊசி பெற்றவர்களுக்கும் 16, 18 வகைகளின் நிலைத்த தொற்றிலிருந்து நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு பாதுகாப்பு இருந்தது என்று 2021-இல் தெரியவந்தது. வேறு நாட்டு ஆய்வுகளும் இதனை உறுதி செய்யவே, 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஒரே ஊசி போதும் என்ற முறையை ஏற்றது. நாடெங்கும் ஊசி போடுவதற்கு ஆகும் செலவும் உழைப்பும் இதனால் வெகுவாகக் குறைந்தன.

வந்த நோயைத் தடுப்பூசி தீர்க்குமா?

இனி, அந்த அம்மையாரின் கேள்விக்கு வருவோம். மேற்கூறிய இரு ஊசிகளும் வருமுன் காப்பவை; வந்த புற்றுநோயைத் தீர்ப்பவை அல்ல. உடலில் ஏற்கெனவே தங்கிய கிருமியையும் அவை அகற்றமாட்டா. இதனை ஒளிவின்றிச் சொல்லுதல் நம் கடமை.

ஆயினும் சிகிச்சைக்குப் பயன்படும் தடுப்பூசியும் உண்டு. காசநோய்க்கென நாம் நெடுங்காலமாக அறிந்த பி.சி.ஜி. மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தினால், அங்கே மேலோட்டமாகத் தோன்றிய புற்றுநோய் மீண்டும் வராமல் தடுக்கலாம் என்று கனடா நாட்டு மருத்துவர் ஆல்வரோ மொராலஸ் 1976-இல் காட்டினார். இன்றும் மருத்துவமனைகளில் இம்முறை கையாளப்படுகின்றது. ஆண்களின் புராஸ்டேட் புற்றுநோய்க்கு, நோயாளியின் சொந்த அணுக்களைக் கொண்டே தயாரிக்கும் தடுப்பூசிக்கு 2010-இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியே தயாரிக்கும் ஊசிகள் இப்பொழுது ஆராய்ச்சியில் உள்ளன. ஆனால் எல்லாப் புற்றுநோயையும் தீர்க்கும் ஊசி என்று ஒன்று உலகில் எங்கும் இல்லை. அப்படியொன்று இருப்பதாகக் கூறிப் பணம் கேட்பவரை நம்பி எவரும் கைப்பொருளை இழக்கலாகாது. புகையிலையால் வரும் வாய்ப் புற்றுநோய்க்குத் தடுப்பூசி இல்லை. புகையிலையை விடுவதே அதற்கு வழி.

அந்த அம்மையாருக்கு நாம் கூறிய விடை இதுவே: “அம்மா, உங்களுக்கு வேண்டியது ஊசியன்று, பரிசோதனை. அதை நாளைக்கே செய்துகொள்ளுங்கள். ஊசி உங்கள் மகளுக்கு உரியது.” மறுநாளே செவிலியர் உடன் சென்றார். நோய் உறுதியாயிற்று; அவர் இப்பொழுது சிகிச்சை பெற்று வருகிறார். ஓராண்டு முன்னரே சோதித்திருந்தால் சிகிச்சை எளிதாயிருக்கும் என்று மருத்துவர் கூறியதை நாம் மறக்க இயலவில்லை.

ஊராட்சிகள் செய்யக்கூடியவை

1. ஊரில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் 24 மணி நேரத்திற்குள் ஹெபடைடிஸ்-பி ஊசி போடப்பட்டதா என்பதைத் தாய்-சேய் நல அட்டையில் பார்த்தறியச் சொல்லுதல் வேண்டும்.

2. 14 வயதுச் சிறுமியரின் பட்டியலைப் பள்ளி ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதாரச் செவிலியர் ஆகியோர் உதவியுடன் தயாரித்தல் வேண்டும். பள்ளியை விட்டு நின்றவர்களும், பனைத் தொழிலுக்காகப் பெற்றோருடன் வெளியூர் சென்றவர்களுமே விடுபடுவர். அவர்களை முதலில் எழுதுக. தங்கள் பகுதியில் ஊசி வழங்கும் நாளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறிந்து ஊருக்கு அறிவித்தல் நன்று.

3. தாய் தந்தையர் இருவருக்கும் நேரில் விளக்கி, அவர்கள் மனமொப்பிய பின்னரே ஊசி போடச் செய்தல் வேண்டும். ஊசி போட்ட இடத்தில் வலி, சிறு காய்ச்சல், சிலருக்கு மயக்கம் வரக்கூடும். ஆகவே கால் மணி நேரம் சிறுமியை அமர்த்திக் கவனிக்க வேண்டும். மலடாக்கும் என்பது ஆதாரமற்ற வதந்தி. கம்மத்தின் குறை நம் ஊரில் நேரலாகாது.

4. முப்பது வயதைக் கடந்த பெண்களுக்குச் சோதனை முகாம்களை அவர்கள் தொழிலுக்கு ஏற்ற நாளில் வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பள வேலை இராது. அம்மாதங்கள் உப்பளப் பெண்களுக்கு உகந்தவை. கடலுக்குச் செல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் மீனவர் ஊர்களில் கணவன்மாரும் உடனிருப்பர். முகாமில் மறைவான அறையும் பெண் ஊழியரும் இருத்தல் இன்றியமையாதது.

5. நோய் கண்டவர்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை பெற்றுத் தருதலும், மருத்துவமனை செல்லத் துணை ஏற்பாடு செய்தலும் ஊராட்சியின் நற்பணியாகும்.

சாலையும் குடிநீரும் எவ்வாறு ஊராட்சியின் பொறுப்போ, அவ்வாறே இதுவும் என்று கருதுதல் வேண்டும். ஆண்டில் ஆறு முறை கிராம சபை கூடுகின்றது. அடுத்த கூட்டத்தில் இதற்கெனக் கால் மணி நேரம் ஒதுக்கி, செவிலியரை அழைத்துப் பேசச் செய்யலாம். அந்த அம்மையாரைப் போல எழுந்து கேட்கத் துணியாதவர் ஒவ்வோர் ஊரிலும் இருப்பர். அவர்கள் கேட்கும் வரை காத்திராமல், பருவம் தவறுவதற்குள் நாமே சென்று சொல்வோமாக.