மொட்டை மாடி வடாமும் நாலு மணி இடியும்

சென்னைத் தங்கச்சிகளுக்குத்தான் சொல்றேன். காலையில "ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை"ன்னு டிவியில சொல்றான். வெளியே சுள்ளுனு வெயில். உடனே "இன்னிக்கு எங்க வரப்போகுது?"ன்னு வடாத்தைக் காயவெச்சுட்டு ஆபீஸ் கிளம்பிடுறே. அந்த வெயில்தாண்டி மழையைக் கூட்டிட்டு வருது!

1. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் கடலைப் பார்த்துட்டு நிக்காதே, மேற்கே பார். உள்நாட்டு அனல் காத்தும் கடல்காத்தும் முட்டிக்கிற இடத்துல மேகம் கிளம்பும். திருத்தணி, காஞ்சிபுரம் பக்கம் கறுத்ததுன்னா, மேல்காத்து அதைப் பெரும்பாலும் நம்ம பக்கம்தான் தள்ளிட்டு வரும். கடல்காத்து லேட்டாகி வெயில் 39, 40னு ஏறுற நாள்ல கூடுதல் கவனம். வந்தே தீரும்னு இல்லை. வந்தா வேகமா வரும்.

2. அக்டோபர் கடைசியில வடகிழக்குப் பருவமழை பிறந்துட்டா கதை தலைகீழ். மேகம் கடல்ல இருந்தே வரும்.

3. காலை அறிவிப்பு மொத்த மாவட்டத்துக்கும். உன் தெருவுக்கு இல்லை. நாலு மணிக்கு டீ குடிக்கும்போது வானிலை மையத்தோட ரேடார் படத்தைப் பார். ஒரு படம் போதாது. அரைமணி கழிச்சு இன்னொண்ணு. சிவப்புத் திட்டு எவ்வளவு தூரம் நகர்ந்திருக்குன்னு பார்த்தா, உன் வீட்டுக்கு எப்போ வரும்னு நீயே சொல்லிடலாம். அதுக்கும் நேரமில்லையா? அடுத்த மூணு மணி நேரத்துக்கான எச்சரிக்கையை மட்டுமாவது பார். மஞ்சள்னா கவனி. ஆரஞ்சுன்னா துணியை எடு. சிவப்புன்னா வாசப்படி தாண்டாதே.

4. மின்னலுக்கு 'தாமினி' செயலி இருக்கு. லொகேஷனை ஆஃப் பண்ணி வெச்சுட்டு "எனக்கு எச்சரிக்கையே வரலைக்கா"ன்னு எங்கிட்ட வராதே.

5. தூறல் விழட்டும்னு காத்திருக்கிறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. மழைக்கு முன்னாடியே மின்னல் விழும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல எண்ணு: 3 நொடிக்கு 1 கிலோமீட்டர். 30க்குள்ள இடி கேட்டா உள்ளே போ. கடைசி இடிக்கு அப்புறம் 30 நிமிஷம் ஆகட்டும், வெளியே வரலாம்.

6. வண்டியில போறியா? மரத்தடியில ஒதுங்காதே, கட்டடத்துக்குள்ள போ. கார்னா கண்ணாடியை ஏத்திட்டு உள்ளேயே உட்காரு.

வடாம் நனைஞ்சா நனையட்டும். இடிக்கும்போது மாடிப்படி ஏறினே, நானே வந்து காதைத் திருகுவேன்.