கூட்டுத் தொழிலா? வக்கீலைப் பிடிக்கச் சில குறிப்புகள்

ஸ்ரீசிட்டி வந்ததிலிருந்து நம்ம சத்தியவேடு பக்கம் மெஸ், வேன், தையல் என்று இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து தொழில் தொடங்குவது சகஜமாகிவிட்டது. பத்திரம் எழுதப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

1. வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அதனால் ஏற்கெனவே கூட்டாகக் கடை நடத்துகிறவர்களையும், அவர்களுடைய ஆடிட்டரையும் கேளுங்கள். "உங்க டீட் எழுதினது யாரு?" என்ற ஒரு கேள்வி போதும், பாதி அலைச்சல் மிச்சம்.

2. நிலத் தகராறில் பேர் வாங்கியவருக்குக் கூட்டுப் பத்திரமும் கைவரும் என்று சொல்ல முடியாது. இதுவரை எத்தனை ஃபர்ம் பதிவு செய்து கொடுத்திருக்கிறார் என்று தயங்காமல் கேளுங்கள்.

3. பத்திரம் பெரும்பாலும் தெலுங்கிலோ இங்கிலீஷிலோதான் இருக்கும். ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிப் புரியவைக்கிற வக்கீலாகப் பாருங்கள். வீட்டுப் பெண்கள் பேரில் பங்கு போட்டால் அவர்களும் கூடவே உட்கார்ந்து கேட்கட்டும். ஃபர்ம் வாங்கும் முழுக் கடனுக்கும் ஒவ்வொரு பங்குதாரரும் பொறுப்பு, அவரவர் சொந்தச் சொத்து உட்பட. "சும்மா ஒரு கையெழுத்துதானே" என்று யாரும் நீட்ட வேண்டாம்.

4. போகும் முன்பே எல்லாரும் உட்கார்ந்து பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: யார் எவ்வளவு போடுகிறோம், லாபம் எப்படி, செக்கில் கையெழுத்து யாருடையது, ஒருவர் விலகினால் பணம் எப்போது. இது கையில் இருந்தால் நாலு நடை ஒரு நடையாகும். லாபப் பங்கை எழுதாமல் விட்டால், நீங்கள் 3 லட்சமும் அவர் 50 ஆயிரமும் போட்டிருந்தாலும், 1932-ஆம் வருஷக் கூட்டாண்மைச் சட்டப்படி சரிபாதிதான்.

5. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் இதையும் பேசிவிடுங்கள்: ஒருவர் இறந்தால் என்ன செய்வது என்று பத்திரத்தில் இல்லையென்றால் ஃபர்மே கலைந்துவிடும்.

6. வேலை பார்க்கும் பங்குதாரருக்குச் சம்பளம், முதலுக்கு வட்டி உண்டு என்றால் அதுவும் பத்திரத்தில் ஏற வேண்டும். இல்லாவிட்டால் வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது. வட்டிக்கு 12 சதவீதம் வரைதான் கழிவு.

7. கடை ஆந்திரப் பக்கம் சத்தியவேட்டிலா, தமிழ்நாட்டுப் பக்கம் ஊத்துக்கோட்டையிலா என்பதை முதலிலேயே வக்கீலிடம் சொல்லுங்கள். முத்திரைத்தாளும் பதிவும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, தப்பான தாளை வாங்கிக் காசை வீணாக்காதீர்கள்.

8. ஃபர்மைப் பதிவு செய்வது கட்டாயமில்லைதான். ஆனால் பதிவில்லாத ஃபர்ம், மெஸ் பாக்கி வைத்த கான்ட்ராக்டர் மேல்கூட வழக்குப் போட முடியாது. பத்திரம் எழுதவும் பதிவு செய்யவும் சேர்த்து மொத்தம் எவ்வளவு, அதில் அரசுக் கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே பிரித்துக் கேட்டு, ரசீது வாங்குங்கள்.

9. பீஸ் கொடுக்கும் முன் சட்டச் சந்தேகம் கேட்க வேண்டுமா? 15100-க்குப் போன் செய்யுங்கள், சட்டப்பணிகள் ஆணையத்தின் இலவச எண். பெண்களுக்கும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் அங்கே இலவச சட்ட உதவி உண்டு.