பெட்ரோல் பங்க் க்யூவும் பள்ளிக்கூட பட்ஜெட்டும்

கடலூர் ரோட்டுல முள்ளோடை பக்கம் போயிருக்கீங்களா? பங்க்ல டி.என். 31 வண்டிகள் வரிசை கட்டி நிக்கும். நம்ம ஊர்ல வரி கம்மி, அதனால பெட்ரோலும் கம்மி. ஜாலிதான். ஆனா உப்பளத்துல எங்க தெருப் பசங்க படிக்கிற அரசுப் பள்ளிக்கும் இந்த க்யூவுக்கும் சம்பந்தம் இருக்கு. எப்படின்னு பார்ப்போம்.

1. எந்த வரி நம்ம கையில?

2017 ஜூலை 1-ல ஜி.எஸ்.டி. வந்த பிறகு, பெரும்பாலான பொருட்களுக்கான வரி விகிதத்தை ஜி.எஸ்.டி. கவுன்சில்தான் முடிவு பண்ணுது. புதுச்சேரி தானா மாத்தக்கூடியது பெட்ரோல், டீசல் மேல வாட், மது மேல கலால், பத்திரப்பதிவு, வாகன வரி மாதிரி சிலதுதான்.

2. அதை ஏத்தினா என்ன?

ஒரு உதாரணக் கணக்கு. பாட்டிலுக்கு 20 ரூபாய் வரி, 100 பாட்டில் வித்தா 2,000. வரியை 30 ஆக்கினதும் வெளியூர்க்காரங்க வராம 60 பாட்டில்தான் போச்சுன்னா 1,800. நம்ம மேத்ஸ் பேப்பர்ல வர்ற மேக்ஸிமா கணக்கேதான்! விகிதம் ஏறினா வருமானமும் ஏறும்னு நிச்சயம் இல்ல.

3. டெல்லி தராதா?

15-வது நிதிக்குழு மத்திய வரியில 41 சதவீதத்தை மாநிலங்களுக்குப் பிரிச்சுக் கொடுத்துச்சு. நாம யூனியன் பிரதேசம், அதனால அந்தப் பங்குல நாம இல்ல. நமக்கு வர்றது மத்திய பட்ஜெட்ல உள்துறை அமைச்சகம் வழியா ஒதுக்குற மானியம். ஜி.எஸ்.டி. இழப்பீடும் 2022 ஜூனோட முடிஞ்சது.

4. பள்ளிக்கு எங்க இடிக்குது?

சம்பளம், பென்ஷன், கடன் வட்டியை நிறுத்த முடியாது. லேப், கழிவறை ரிப்பேரைத் தள்ளிப்போடலாம். அதனால பணம் இறுக்கமானா முதல்ல தள்ளிப்போறது அதுதான். சமக்ர சிக்‌ஷா திட்டத்துல மத்திய அரசு 60, நாம 40. நம்ம பங்குல இழுத்தா மொத்த வேலையும் இழுக்கும்.

2023-24-ல அரசுப் பள்ளிகள்ல 6 முதல் 9 வரையும் 11-ம் வகுப்பும் சி.பி.எஸ்.இ.க்கு மாறுச்சு. புதுப் பாடத்துக்கு லேப் வேணும், ஆசிரியருக்குப் பயிற்சி வேணும். உத்தரவு ஒரே நாள்ல வரும். பணம் அப்படி வராது.

நான் இங்கிலீஷ் மீடியத்துல ஃபீஸ் கட்டிப் படிச்சவன். இந்தக் கணக்கை இதுவரைக்கும் யோசிச்சதே இல்ல. அடுத்த பட்ஜெட் வரும்போது பெட்ரோல் விலையோட நிறுத்தாம, கல்வித்துறை ஒதுக்கீட்டுல சம்பளம் போக மிச்சம் எவ்வளவுன்னும் பாருங்க. எங்க தெருப் பசங்களுக்கு லேப் வருமா வராதாங்கறது அந்த வரியிலதான் இருக்கு.