தாகித்தித் தீவில் மொழிக்கல்வி

ஒரு மொழியை ஏட்டில் கற்றல் வேறு. அம்மொழி வழங்கும் நாட்டில் மக்களோடு பழகிக் கற்றல் வேறு. ஏடு சொல்லைத் தரும். அச்சொல் வாழும் முறையை மக்களே கற்பிப்பர். ஆதலின், பிரெஞ்சு பயிலும் பல்கலைக்கழக மாணவர் பலர் பாரிசு மாநகருக்குச் செல்வர். வேறு சிலர், பசிபிக் பெருங்கடலின் நடுவே உள்ள தாகித்தித் தீவை நாடுவர். பாரிசிலிருந்து ஏறத்தாழ 15,700 கி.மீ. தொலைவில் உள்ள அத்தீவிலும் ஆட்சிமொழி பிரெஞ்சே. அங்குச் செல்வோர் ஒரு மொழியைக் கற்கச் சென்று, இரண்டு மொழிகளின் வரலாற்றை அறிந்து திரும்புவர்.

பிரெஞ்சுப் பாலினீசியா ஐந்து தீவுக்கூட்டங்களைக் கொண்டது. அவற்றுள் மிகப் பெரிய தீவு தாகித்தி. அதன் கடற்கரையில் தலைநகராகிய பப்பேத்தே அமைந்துள்ளது. 1768-ஆம் ஆண்டில் பூகன்வீல் என்னும் பிரெஞ்சு மாலுமி இத்தீவை அடைந்தார். நம் வீட்டு வேலிகளில் படரும் போகன்வில்லாக் கொடி இவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. 1842-இல் தாகித்தி பிரெஞ்சுக்காரரின் காப்பாட்சிக்கு உட்பட்டது. 1880-இல் பிரான்சு அதனைத் தன்னுடன் இணைத்துக் கொண்டது. அன்று தொட்டுப் பிரெஞ்சு அங்கே அரசிலும் பள்ளியிலும் தலைமை பெற்றது.

பப்பேத்தேக்கு அருகில் உள்ள புனாவியா என்னும் ஊரில் பிரெஞ்சுப் பாலினீசியப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. தாகித்திக்கு வரும் மாணவர்க்கு வகுப்பறை ஒரு பள்ளியாயின், பப்பேத்தே நகரச் சந்தை மற்றொரு பள்ளியாகும். மீனும் சேப்பங்கிழங்கும் ஈரப்பலாவும் வனிலாவும் மலர்மாலைகளும் அங்கே விற்கப்படும். விலை கேட்கும் மாணவன் முதலில் திகைப்பான். அவன் ஏட்டில் மெல்ல ஒலித்த ரகரம், அவ்வணிகப் பெண்ணின் நாவில் உருண்டு ஒலிக்கும். முன்பின் அறியாதாரை ‘நீங்கள்’ என்றே அழைக்க வேண்டும் என்பது அவன் கற்ற பிரெஞ்சு மரபு. அவளோ அவனை ‘நீ’ என்றே அழைப்பாள். அஃது அவமதிப்பு அன்று, அன்பின் உரிமை. இதனை உணர்ந்த பின்னரே அவன் அத்தீவின் பிரெஞ்சைக் கற்கத் தொடங்கியவன் ஆவான்.

அச்சந்தையில் பிரெஞ்சுக்கு இடையே வேறொரு மொழியும் அவன் செவியில் விழும். அதுவே தாகித்திய மொழி. ஐந்து உயிரொலிகளும் ஒன்பது மெய்யொலிகளுமே அதற்கு உண்டு. ககரமும் லகரமும் அதில் இல்லை. ஆயினும் ஒலி குறைந்த மொழி பொருள் குறைந்தது என எண்ணுதல் தவறு. தமிழில் கேட்போரையும் உளப்படுத்தி ‘நாம்’ என்கிறோம். அவரை விலக்கி ‘நாங்கள்’ என்கிறோம். பிரெஞ்சு மொழி இவ்விரண்டிற்கும் ஒரு சொல்லே உடையது. தாகித்திய மொழியோ தமிழைப் போல இவ்வேறுபாட்டைப் போற்றுகின்றது. ‘தாத்தோ’ என்றால் நாம். ‘மாத்தோ’ என்றால் நாங்கள். மேலும், இருவரை மட்டும் சுட்டுவதற்குத் ‘தாவுவா’, ‘மாவுவா’ எனத் தனிச்சொற்களும் அதில் உண்டு. யாரைத் தம்மோடு சேர்த்துப் பேசுகிறோம் என்பதை ஒவ்வொரு முறையும் எண்ணிப் பேசும் மொழி அது.

இரு மொழிகள் முதன்முதலில் சந்தித்த கதை துயரம் மிக்கது. பூகன்வீலுடன் அகுத்தோரு என்னும் தாகித்தியர் பிரான்சுக்குச் சென்றார். தம் மொழியில் இல்லாத ஒலிகளை நீக்கித் தலைவர் பெயரைப் ‘பூத்தவேரி’ என்றே அவர் அழைத்தார். பாரிசு மக்கள் அவரை வியந்து நோக்கினர். பிரெஞ்சைக் கற்கவில்லையே என்று குறையும் கூறினர். பூகன்வீலோ தாகித்தியில் தங்கியது ஏறத்தாழ பத்து நாள்களே. எனினும் அவர் எழுதிய பயணநூல் ஐரோப்பா எங்கும் புகழ்பெற்றது. அகுத்தோரு தாயகம் மீளும் வழியில் 1771-ஆம் ஆண்டில் அம்மைநோயால் இறந்தார். அவர் கண்ட பாரிசைப் பற்றி எழுதுவார் எவரும் இலர்.

பின்னாளில் தாகித்தியச் சிறுவர் தம் தாய்மொழியைப் பள்ளியில் பேசுதல் தடுக்கப்பட்டது. பாட்டியிடம் ஒரு மொழியும் ஆசிரியரிடம் ஒரு மொழியுமாக அவர்கள் வளர்ந்தனர். பிரெஞ்சு கற்றால் உயரலாம் எனக் கருதிய பெற்றோர் சிலர், வீட்டிலும் தாய்மொழியை விடலாயினர். இந்நிலையை மாற்ற நல்லோர் பலர் உழைத்தனர். 1956-இல் மதலேன் முவா என்னும் ஆசிரியை ஒரு நடனக் குழுவை அமைத்து, இழிவாகக் கருதப்பட்டிருந்த பழைய ஆடலுக்கு மதிப்பைத் தேடித் தந்தார். 1972-இல் தாகித்திய மொழிக்கழகம் நிறுவப்பெற்றது. 1982 முதல் தொடக்கப் பள்ளிகளில் அம்மொழி கற்பிக்கப்படலாயிற்று. கவிஞர் ஆன்ரி இரோ தம் மக்களை நோக்கி எழுதுமாறு இடையறாது வற்புறுத்தினார். 1991-இல் சந்தால் ஸ்பித்சு என்னும் அம்மையார் பிரெஞ்சு மொழியிலேயே ஒரு புதினம் எழுதித் தம் மக்களின் துயரை வெளியிட்டார். ஆண்டவரின் மொழியே ஆளப்பட்டோரின் முறையீட்டிற்கும் கருவியாயிற்று.

அத்துயருள் ஒன்று அணுகுண்டுச் சோதனை. 1966 முதல் 1996 வரை மொருரோவா, பங்கத்தாவுபா என்னும் பவளத்தீவுகளில் பிரான்சு 193 சோதனைகளை நடத்தியது. பிரெஞ்சு பயில வரும் மாணவன் அம்மொழியின் இனிய பாடல்களைக் கேட்டால் மட்டும் போதாது. இக்கதையையும் அதே மொழியில் கேட்டல் வேண்டும்.

பாலினீசியரின் பழைய அறிவு வியக்கத்தக்கது. இராயத்தியா தீவில் தபுத்தபுவாத்தேயா என்னும் கல்தள வழிபாட்டிடம் உள்ளது. 2017-இல் அஃது உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. அத்தீவினராகிய துபாயா 1769-இல் குக்கு என்னும் ஆங்கிலத் தலைவரின் கப்பலில் சென்றார். எழுபதுக்கு மேற்பட்ட தீவுகளைக் காட்டும் கடற்படம் அவர் அறிவைக் கொண்டு வரையப்பட்டது. தாம் முன்னர்க் கண்டிராத நியூசிலாந்தில் மவோரி மக்களோடு அவரால் உரையாட முடிந்தது. அவ்விரு மொழிகளும் ஒரே குடும்பத்தன. 1976-இல் ஒக்குலேயா என்னும் இரட்டைத் தோணி கருவிகள் இன்றி, விண்மீனையும் அலையையுமே துணையாகக் கொண்டு அவாயித் தீவிலிருந்து பப்பேத்தேயை அடைந்தது. முன்னோர் அறிந்தே கடல் கடந்தனர் என்பதை அன்று கரையில் திரண்ட பல்லாயிரவர் கண்ணாரக் கண்டனர்.

பிறநாட்டிற்குக் கற்கச் செல்வோர் விருந்தினர் ஆவர். தாம் வேண்டியதை மட்டும் பெற்று மீள்வது வாணிகம். வீட்டார் போற்றுவதையும் அவர் நெஞ்சில் உள்ள வடுவையும் அறிந்து மீள்வதே கல்வி. பிரெஞ்சு கற்கச் சென்ற மாணவன், விடைபெறும் நாளில் ‘மாவுருவுரு’ என்று தாகித்திய மொழியில் நன்றி கூறுவானாயின், அவன் சென்ற பயணம் பயனுடையதே. வேற்று மொழியைக் கற்பவன், அதன் நிழலில் வாடும் சிறு மொழியையும் மதிக்கக் கற்றல் வேண்டும். அம்மதிப்பே மக்கள் யாவரையும் ‘நாம்’ என்னும் ஒரு சொல்லுள் அடக்க வல்லது.