பழைய பக்தி நூல் வாங்குமுன்

தமிழின் முதல் அச்சு நூல்களுக்கு ஆசைப்பட வேண்டாம். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. தரங்கம்பாடி அச்சகத்து நூல்கள் கடைத்தெருவுக்கு வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டும். நமக்கு எட்டுவது 1835க்குப் பிந்தையவை. அந்த ஆண்டு இந்தியாவில் அச்சகக் கட்டுப்பாடு தளர்ந்ததும் சென்னையில் அச்சுக்கூடங்கள் பெருகின; யாழ்ப்பாணத்திலும் அச்சுக்கூடங்கள் இயங்கின. புராணம், பதிகம், தோத்திரம், கீர்த்தனை எல்லாம் அச்சேறின. இதிலும் ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஊரின் தலபுராணங்கள், ஒரே அச்சுக்கூடத்தின் வெளியீடுகள் என்று தேடினால் கண் பழகும். எல்லாவற்றையும் வாங்குகிறவருக்குப் பழைய பேப்பர் கடைதான் மிஞ்சும்.

அடுத்தது முகப்புப் பக்கம். பெரும்பாலும் அதுதான் முதலில் கிழிந்திருக்கும்; இருந்தால் நிதானமாகப் படியுங்கள். ஆங்கில ஆண்டு இல்லாமல் ‘தாது வருஷம் தை மாதம்’ என்று மட்டும் இருக்கலாம். தாது 1816, 1876, 1936 என அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும். சித்திரையில் தொடங்குவதால், 1876இன் தாது வருஷத்துத் தை 1877 ஜனவரியில்தான் தொடங்கும். சாலிவாகன சகாப்தம் என்றால் 78ஐக் கூட்டுங்கள். கலியுக ஆண்டிலிருந்து 3101ஐக் கழியுங்கள்: கலி 4950 என்றால் 1849. மூன்று சுற்றில் எது என்று தெரியாவிட்டால் அச்சுக்கூடத்தின் பெயரையும் பதிப்பித்தவர் வாழ்ந்த காலத்தையும் வைத்து முடிவு செய்யலாம். 1867ஆம் ஆண்டுச் சட்டம் அச்சிட்டவர் பெயரும் இடமும் நூலில் இருக்க வேண்டும் என்றது. அதுவும் ஒரு துப்பு.

‘ணை, லை’ பழைய துதிக்கை வடிவில் இருக்கிறதே, எவ்வளவு பழசு பாருங்கள் என்று வியாபாரி சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 1978 எழுத்துச் சீர்திருத்தம் வரை அப்படித்தான் அச்சிட்டார்கள்.

அச்சுக்கூடத்தின் பெயரைப் பார்த்தும் மயங்காதீர்கள். ஆறுமுக நாவலரின் வித்தியாநுபாலன யந்திரசாலை, அவர் 1879இல் மறைந்த பிறகும் அவருடைய நூல்களைத் திரும்பத் திரும்ப வெளியிட்டது. ‘எட்டாம் பதிப்பு’ என்ற வரி எங்கோ சின்ன எழுத்தில் ஒளிந்திருக்கும். ஜான் மர்டாக் 1865இல் வெளியிட்ட தமிழ் நூற்பட்டியலோடும், பிரிட்டிஷ் மியூசியத்தின் 1909ஆம் ஆண்டுப் பட்டியலோடும் ஒப்பிடுங்கள். சென்னையின் ரோஜா முத்தையா நூலகத்தில் அதே நூல் இருந்தால் பக்க எண்ணிக்கையைச் சரிபார்க்கலாம். குறைபட்ட பிரதியை முழு விலைக்கு வாங்காமல் தப்புவீர்கள். அந்தக் காலத்து வாசகர்கள் நாலைந்து சிறு நூல்களை ஒன்றாகக் கட்டிவைப்பார்கள். முதல் முகப்போடு நிறுத்தாமல் உள்ளேயும் புரட்டுங்கள். நல்ல சரக்கு நடுவில் கிடக்கும்.

தாளையும் பாருங்கள். கந்தல் துணிக் கூழில் செய்த பழைய தாள் வளைந்து கொடுக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பரவிய மரக்கூழ்த் தாள் பழுத்து நொறுங்கும். 1840இன் நூல் 1900இன் நூலைவிடத் திடமாக இருப்பதுண்டு. மூலையை மடித்துச் சோதிக்க மட்டும் கூடாது.

பணம் கொடுக்குமுன் முத்திரைகளைத் தேடுங்கள். மடம், கோயில், பள்ளி நூலக முத்திரை இருந்தால் அது எப்படி வெளியே வந்தது என்று கேளுங்கள். முத்திரை இருந்த இடம் சுரண்டப்பட்டிருந்தால் தொடவே வேண்டாம். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்திலிருந்து 2005இல் காணாமல் போன, மதபோதகர் சீகன்பால்குவின் தமிழ் விவிலியம் லண்டனில் இருப்பதை 2022இல் காவல்துறை கண்டறிந்தது. விற்றவர் பெயர், தேதி, விலை எழுதிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணமிருந்தால் தொல்லியல் துறையிடம் கேட்ட பிறகே செய்யுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் மற்ற நூல்களோடு சேர்க்காமல் சில வாரம் தனியே வையுங்கள். இராமபாணப் பூச்சி இருந்தால் துளையும் தூளும் காட்டிக்கொடுக்கும். மென்தூரிகையால் தூசு தட்டினால் போதும். கிழிசலுக்கு ஒட்டு நாடா, பாதுகாப்புக்கு லேமினேஷன் இரண்டும் வேண்டாம். நாடாவின் பசை சில ஆண்டுகளில் எழுத்தோடு சேர்த்துத் தாளையும் பழுப்பாக்கிவிடும். சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை கதவைத் திறந்து பாருங்கள்.