பெற்ற பிள்ளையும் ஏற்ற பிள்ளையும்



நம் ஊரில் கலியாணம் முடிந்து ஓராண்டு ஆனால் போதும், "விசேஷம் உண்டா?" என்று கேட்காத வாய் இல்லை. மூன்றாண்டு ஆனபின் அதே கேள்வி தாழ்ந்த குரலில் வரும். ஐந்தாண்டு ஆனபின் கேள்வி நின்றுபோகும். அதற்குப் பதிலாக ஒரு பார்வை வரும். அந்தப் பார்வையைச் சுமந்துகொண்டு பூசைக்கு வந்து, கோவிலின் பின்புறத்தில் முழந்தாளிட்டுச் செல்லும் தம்பதிகள் எந்தப் பங்கிலும் உண்டு. இவ்வாரப் பாடம் அவர்களை முன்னிட்டு எழுதப்படுகிறது. ஆனால் பிள்ளை பெற்றவர்களும் இதை வாசிக்கவேண்டும். ஏனெனில் அந்தப் பார்வை நம்முடையது.

ஒரு குடும்பத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். கணவன் போடியில் ஏலக்காய்க் கடையில் வேலை செய்கிறான். மனைவி விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டுக்கு அப்பாலுள்ள தோட்டத்துக்குக் காய் பறிக்கப் போகிறாள். கலியாணமாகி ஒன்பது ஆண்டு. மதுரை வரை போய் வைத்தியம் பார்த்தாயிற்று. நகைகள் அடகில் இருக்கின்றன. ஒருநாள் மாமியார் மகனிடம், "தோட்டத்து லயத்திலே ஒருத்திக்கு நாலாவதும் பொட்டப்பிள்ளையாம்ப்பா. கையிலே ஏதாவது கொடுத்தால் தந்துவிடுவாளாம். ஆஸ்பத்திரியிலே நம்ம பேரையே எழுதிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது?" என்கிறாள். அவனுடைய அண்ணனோ, "என்ன சாதியோ, என்ன இரத்தமோ! யாரோ பெற்றதை வளர்ப்பதைவிடப் பிள்ளையில்லாமல் இருப்பதே மேல்" என்கிறான். இருவர் பேச்சையும் கேட்டுக்கொண்டு அந்தப் பெண் அடுப்படியில் நிற்கிறாள். நாம் இவர்களுக்கு என்ன சொல்லுவோம்? கேள்வி கேள்வியாக ஆராய்வோம்.

1. பிள்ளை நமக்கு வரவேண்டிய கடனா?

அன்று. பிள்ளை சர்வேசுரன் தரும் கொடை. கொடையைக் கேட்கலாம், காத்திருக்கலாம், நன்றியோடு பெறலாம். ஆனால் நிலுவைத்தொகை போல வசூலிக்க முடியாது. பிள்ளைப்பேறு இல்லாவிட்டாலும் விவாகம் தன் மதிப்பை இழப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965ஆம் ஆண்டில் தெளிவாகக் கற்பித்தது. ஆகையால் பிள்ளையில்லாத தம்பதிகள் அரைக்குடும்பம் அல்லர். "மலடி" என்ற சொல்லை வீட்டிலும் தெருவிலும் வழங்குவது பிறர்சிநேகத்துக்கு விரோதமான பாவம். குறை பல சமயம் ஆணிடத்தில் இருக்க, பழி மாத்திரம் பெண்ணின் தலையில் விழுகிறது என்பதால் அநீதியுங்கூட.

வைத்தியம் செய்துகொள்வது நல்லதே. எனினும் உடலுக்கு வெளியே கருவை உண்டாக்கும் முறையையும், வாடகைத்தாய் முறையையும் திருச்சபை ஏற்பதில்லை. 1987ஆம் ஆண்டின் போதனை இதை விளக்குகிறது. அவ்வழியில் பிறந்த குழந்தையோ எந்தக் குழந்தையையும் போலச் சர்வேசுரனின் பிள்ளையே. அதை ஒருவரும் தாழ்வாக எண்ணலாகாது என்பதும் அதே போதனைதான்.

2. ஏற்ற பிள்ளை இரண்டாந்தரமா?

வேதாகமத்தைத் திறந்து பாருங்கள். ஆற்றில் விடப்பட்ட மோயீசனைப் பரவோனின் மகள் தன் மகனாக வளர்த்தாள். தாய் தந்தையற்ற எஸ்தேரை மர்தொக்கே தன் மகளாக ஏற்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, அர்ச். மத்தேயு எழுதிய வம்ச வரிசை அர்ச். சூசையப்பர் வழியாகவே சேசுநாதரிடம் வந்து சேருகிறது. சூசையப்பர் அவரைப் பெற்றவர் அல்லர். ஆனால் பேரிட்டார், எஜிப்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார், தச்சுத்தொழில் செய்து காப்பாற்றினார். ஊரார் அவரைத் தச்சனின் மகன் என்றே அழைத்தார்கள்.

திருச்சபைச் சட்டமும் இப்படியே பேசுகிறது. நாட்டுச் சட்டப்படி தத்தெடுக்கப்பட்ட பிள்ளை, எடுத்தவர்களின் பிள்ளையாகவே கருதப்படும் என்கிறது 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 110ஆம் பிரிவு. 1094ஆம் பிரிவு இன்னும் ஒருபடி மேலே போகிறது: ஒரு வீட்டில் பெற்ற மகனும் தத்தெடுத்த மகளும் தங்களுக்குள் விவாகம் செய்துகொண்டால் அது செல்லாது. ஏன்? அவர்கள் அண்ணன் தங்கை. இரத்தம் வேறாயினும் உறவு உண்மையான உறவு என்று இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

நம் ஊர் மாந்தோப்புக்காரரும் இதை அறிவர். ஒட்டுக்கன்றில் வேர் ஒரு மரத்தது, கிளை மற்றொரு மரத்தது. ஒட்டுப் பிடித்தபின் ஒரே சாறுதான் ஓடுகிறது. காய்க்கும் காலத்தில் எந்தத் தோட்டக்காரனாவது அதைப் பாதி மரம் என்று சொல்லுவானா?

3. அநாதைக் குழந்தைகள் இருக்கையில், சொந்தமாகப் பெறுவது சுயநலமா?

படித்த இளைஞர் சிலர் இப்படிக் கேட்கிறார்கள். கேள்வி இரக்கத்திலிருந்து பிறப்பதால் அதை அலட்சியம் செய்யலாகாது. பிள்ளை பெறுவது விவாகத்தின் இயல்பான கனி, அது குற்றமன்று. தத்தெடுப்பது எல்லார்மேலும் விழுந்த கடமையுமன்று. ஆனால் பெற்றாலும் சரி, ஏற்றாலும் சரி, "எனக்கொரு வாரிசு வேண்டும், கொள்ளி வைக்க ஒருவன் வேண்டும்" என்பதற்காக மட்டும் பிள்ளையைத் தேடினால், அங்கே சுயநலம் புகுந்துவிட்டது. பிள்ளையின் நன்மையைத் தேடுகிறோமா, நம் குறையைத் தீர்க்கப் பிள்ளையைத் தேடுகிறோமா? அளவுகோல் இதுவே.

நம் பிரதேசம் இதில் தலைகுனிய வேண்டியிருந்த காலமும் உண்டு. 1986ஆம் ஆண்டில் உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண்சிசுக் கொலை பத்திரிகைகளில் வெளிவந்தபோது நாடே திடுக்கிட்டது. 1992ஆம் ஆண்டில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கினார். 2001ஆம் ஆண்டில் அது நம் தேனி மாவட்டத்துக்கும் வந்தது. கொல்லாதே, தொட்டிலில் இட்டுச் செல் என்று அரசாங்கம் கெஞ்சவேண்டியிருந்தது! பெண் என்பதற்காக ஒதுக்கப்பட்ட குழந்தைகள் வேறு வீடுகளில் செல்ல மகள்களாக வளர்ந்தார்கள்.

இன்று நிலைமை வேறு. 2024-25ஆம் ஆண்டில் சட்டப்படி தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் நாடு முழுவதிலும் 4,515 பேர். பதிந்துவிட்டுக் காத்திருக்கும் பெற்றோரோ பல்லாயிரம் பேர். பச்சிளங்குழந்தைக்காக மூன்று ஆண்டுக்கு மேலும் காத்திருக்க நேரிடுகிறது. அதே சமயம் ஏழெட்டு வயதைக் கடந்தவர்களும், பிரிக்கக்கூடாத அண்ணன் தம்பிகளும், உடற்குறை உள்ளவர்களும் வீடு கிடைக்காமல் இருக்கிறார்கள். இரண்டோ அதற்கு மேலோ பிள்ளைகள் உள்ள தம்பதிகளுக்கு, 2022ஆம் ஆண்டு விதிகளின்படி இத்தகைய பிள்ளைகளையே தத்துக் கொடுப்பார்கள். ஆகையால், "எங்களுக்குத்தான் பிள்ளை இருக்கிறதே" என்பவர்களும் ஒரு கணம் யோசிக்கலாம்.

4. லயத்திலுள்ள தாயிடம் கைமாற்றாக வாங்கலாமா?

கூடவே கூடாது. மாமியாரின் எண்ணத்தில் பாசம் இருக்கலாம். வழியில் மூன்று பாவங்கள் இருக்கின்றன.

முதலாவது, அந்தத் தாய்க்கு இழைக்கும் அநீதி. பசியும் கடனும் கழுத்தை நெரிக்கும்போது சொல்லும் "சரி", சம்மதம் ஆகாது. முறைப்படி ஒரு தாய் குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைத்தால், மனம் மாறித் திரும்பப் பெற அவளுக்கு இரண்டு மாதம் தவணை உண்டு. இருட்டில் நடக்கும் கைமாற்றில் அவளுக்கு இரண்டு நாள்கூட இல்லை. இன்னொன்றும் சொல்லுவோம்: வறுமையால்தான் அவள் கொடுக்கிறாள் என்றால், அந்தப் பிள்ளை அவளிடமே வளர உதவி செய்வதே முதல் தர்மம்.

இரண்டாவது, விலை. காணிக்கை என்றாலும், ஆஸ்பத்திரிச் செலவு என்றாலும், பிள்ளைக்குக் கைமாறாகக் கொடுக்கும் பணம் விலைதான். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி பிள்ளையை விற்றாலும் வாங்கினாலும் ஐந்தாண்டு வரை கடுங்காவலும், ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு.

மூன்றாவது, பொய். பொய்யான பிறப்புச் சான்றின்மேல் கட்டிய உறவு எந்த நாளும் இடியலாம். அப்படி இடியும்போது அடிபடுவது பிள்ளை.

"பக்கத்துத் தெருவில் இந்துக் குடும்பத்தார் உறவுக்காரர் பிள்ளையை நேராகத் தத்தெடுத்தார்களே!" என்று கேட்கலாம். அது 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம். கிறிஸ்தவர்களுக்கு அது செல்லாது. முன்பெல்லாம் நமக்கு 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் மாத்திரமே இருந்தது. அதன்படி வளர்ப்பவர் காப்பாளர்தான். தாய் தகப்பன் அல்லர். 2000ஆம் ஆண்டின் சட்டமும் அதன் 2006ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்தபின்னரே எந்த மதத்தாரும் முழுமையாகத் தத்தெடுக்க வழி பிறந்தது. 2014ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது.

5. நேர்வழி எது?

மத்தியத் தத்தெடுப்பு வள ஆணையத்தின் இணையப் பக்கத்தில் பெயரைப் பதியவேண்டும். தேனியிலுள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரித்தால் வழி சொல்லுவார்கள். விவாகமாகி இரண்டாண்டாவது ஆகியிருக்கவேண்டும். கணவன் மனைவி இருவருக்கும் சம்மதம் இருக்கவேண்டும். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை எழுதுவார். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை வேண்டுமாயின் தம்பதிகளின் வயதைக் கூட்டினால் 85க்கு மேற்படலாகாது. ஆகையால் வீணாகத் தள்ளிப்போடாதீர்கள். உறவினர் பிள்ளையைத் தத்தெடுக்கவும் இச்சட்டத்தில் இடமுண்டு. 2022 செப்டம்பர் முதல் தத்து உத்தரவை மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார். உத்தரவு கிடைத்த நாள்முதல் சொத்துரிமை உட்பட எல்லாவற்றிலும் அந்தப் பிள்ளை உங்களுக்குப் பிறந்த பிள்ளைக்குச் சமம்.

6. வீட்டுக்கு வந்தபின்?

ஞானஸ்நானப் புத்தகத்தில் தாய் தகப்பன் என்று உங்கள் பெயர் எழுதப்படும். "என்ன சாதிப் பிள்ளை?" என்று கேட்பவர்களுக்கு, "எங்கள் பிள்ளை" என்பதே போதுமான பதில். உண்மையைப் பிள்ளைக்கு மறைக்காதீர்கள். சிறு வயதிலேயே, மடியில் வைத்து, கதை சொல்லுவதுபோல் சொல்லுங்கள். ஊரார் வாயால் கேட்குமுன் உங்கள் வாயால் கேட்கட்டும். பிறகு உங்களுக்கே ஒரு பிள்ளை பிறந்தாலும், தட்டிலும் துணியிலும் படிப்பிலும் பாகத்திலும் வித்தியாசம் காட்டாதீர்கள்.

காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2022 ஜனவரி 5ஆம் தேதி அர்ச். சூசையப்பரைப் பற்றிப் பேசுகையில், பெற்றாலும் தத்தெடுத்தாலும் பிள்ளை என்பது துணிந்து ஏற்கவேண்டிய பொறுப்பே என்று நினைவூட்டினார். அந்தத் துணிவு எல்லாப் பெற்றோருக்கும் பொதுவானது.

இனி அடுப்படியில் நிற்கும் அந்தப் பெண்ணிடம் வருவோம். அம்மா, பிள்ளை பெறாததால் நீ குறைந்தவள் அல்லள். பிள்ளையை ஏற்க உனக்கு மனமிருந்தால் பகலில், நேர்வழியில் போ. காத்திருக்கும் ஆண்டுகள் கனமானவை, ஆனால் அவற்றில் எவருடைய கண்ணீரும் கலந்திராது. ஏற்க மனமில்லையாயின் அதுவும் பாவமன்று. லயத்திலுள்ள அந்தத் தாயை மாத்திரம் மறவாதே. நாளைக் காலை ஜீப்பில் போகும்போது அவள் வீட்டில் இறங்கி, நான்கு பெண்களும் சாப்பிட்டார்களா என்று கேட்டுவிட்டுப் போ.

இவ்வாரம் ஜெபமாலைக்குப்பின் வீட்டில் பேச:

பிள்ளையில்லாத ஒருவரை நம் வீட்டார் பேச்சாலோ பார்வையாலோ புண்படுத்தியதுண்டா? வளைகாப்பு, பேர்சூட்டு முதலிய விசேஷங்களில் அவர்களை ஒதுக்குகிறோமா? நமக்குத் தெரிந்து வறுமையால் பிள்ளையைக் கொடுக்க நினைக்கும் தாய் எவளாவது இருக்கிறாளா? அவளுக்கு நாம் என்ன செய்யக்கூடும்?